ஆறாவது தரிப்புக்குப் போகவில்லை

1

2024 ஒக்டோபர் 14, திங்கட்கிழமை, முற்பகல் பத்து மணி ஐந்து நிமிடம். வெப்பநிலை ஒன்பது பாகை. வானம் மூடியிருந்தது, மழை இல்லை, ஆனால் பிற்பகலில் பெய்யலாம் என்று வானொலி சொல்லியிருந்தது. மொன்றியலின் லாசால் பகுதியில் எங்கள் மாடிக் கட்டடத்துக்குப் பின்னால் உள்ள தரிப்பிடத்திலிருந்து காரை எடுத்தேன். மீற்றரில் 1,18,406 கிலோமீற்றர். காருக்குள் மூன்று பேர். நான், முன் இருக்கையில் மனைவி தவமணி, பின் இருக்கையில் மகள் சுபா.

எங்கே போகிறோம் என்று சொல்ல வேண்டும். மொன்றியல் நகரத்தின் நடுவில் ஒரு மலை இருக்கிறது. மலை என்பது இங்குள்ளவர்கள் சொல்லும் பெயர். உயரம் இருநூற்றுச் சொச்ச மீற்றர்தான். அது முழுவதும் பூங்கா. ஊரில் இருப்பவர்கள் பூங்கா என்றதும் நாலு பூச்செடியும் ஒரு சறுக்குமரமும் நினைக்கக் கூடாது. இதற்குள் காடு இருக்கிறது, குளம் இருக்கிறது, பஸ் ஓடுகிறது. நாங்கள் இந்த நகரத்துக்கு வந்து முப்பத்துமூன்று வருடம். ஒரு நாளும் மேலே போனதில்லை.

இந்த எண்ணம் வந்தது ஓகஸ்ட் மாதத்தில். தவமணிக்குச் சிறுநீரகம் இரண்டும் வேலை செய்வதில்லை. செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்திகரிக்கிறார்கள். ஒரு தடவைக்கு நான்கு மணித்தியாலம். அவளுடைய கதிரை ஜன்னலோரம். அந்த ஜன்னலுக்குள் மலைதான் தெரியும். ஒரு நாள் இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போது கேட்டாள்.

"அந்த மலைக்கு மேலை என்ன இருக்கு?"

"தெரியாது."

"முப்பத்திமூண்டு வருசமாய் இருக்கிறியள். தெரியாதோ?"

"நீரும்தானே இருக்கிறீர்."

"நான் கேக்கிறன். நீங்கள் கேக்கவும் இல்லையே."

நாற்பத்தெட்டு வருட மணவாழ்க்கையில் அவள் என்னிடம் பார்க்க வேண்டும் என்று சொன்ன இடங்கள் மூன்று. கதிர்காமம், நயாகரா, இந்த மலை. முதல் இரண்டும் முடிந்துவிட்டன. நடக்க அவளால் முடியாது. ஊன்றுகோலுடன் ஐம்பது அடி போனால் எங்கேயாவது இருந்து இளைப்பாற வேண்டும்.

நூலகத்தில் விசாரித்தேன். அங்கே வேலை செய்யும் பெண் கணினியில் தேடி, வழிகாட்டி இல்லாமல் அவரவர் காரிலேயே மலையைச் சுற்றிப் பார்ப்பதற்கென்று எழுதிய நான்கு பக்கங்களை அச்சடித்துத் தந்தாள். பதினொரு தரிப்புகள், பதினான்கு கிலோமீற்றர், இரண்டரை மணித்தியாலம். முழுவதும் பிரெஞ்சு. அகராதியை வைத்துக்கொண்டு ஒன்பது நாட்களில் தமிழில் எழுதி முடித்தேன். பிறகு அட்டவணை போட்டேன். தரிப்பின் எண், தூரம், நிற்கும் நேரம், காரிலிருந்து இருக்கைக்கு எத்தனை அடி, கழிப்பறை உண்டா இல்லையா. ஏழாவது தரிப்பு ஒரு சவக்காலை, கல்லறைத் தோட்டம். மலையின் ஒரு பக்கம் முழுவதும் சவக்காலைதானாம். நூறு வருடத்து மரங்கள், சிற்பங்கள், அமைதி என்று நான்கு வரி புகழ்ந்திருந்தார்கள். சிவப்புப் பேனையால் அதைக் குறுக்கே வெட்டினேன். பத்துத் தரிப்பு போதும்.

2

சுபா ஏன் பின்னால் இருந்தாள் என்பதையும் சொல்ல வேண்டும்.

நவம்பரில் எனக்கு எண்பது வயது முடியும். அந்த வயதில் சாரதி அனுமதிப்பத்திரத்தை வைத்திருக்க, மருத்துவர் ஒரு படிவமும் கண் பரிசோதிப்பவர் ஒரு படிவமும் நிரப்பித் தர வேண்டும் என்று கடிதம் வந்திருந்தது. எனக்கு வரும் அரச கடிதங்களை வாசித்துச் சொல்வது சுபா. அவள் பதின்மூன்று வயதில் இங்கே வந்தவள். இப்போது டோர்வல் விமான நிலையத்தில் தவறிப்போன பயணப் பெட்டிகளைத் தேடிக் கொடுக்கும் பிரிவில் வேலை. பிரெஞ்சில் சண்டை பிடிக்கவும் தெரியும், சிரிக்கவும் தெரியும். எனக்கு இரண்டும் வராது. நான் பிரெஞ்சு கதைத்தால் எதிரில் நிற்பவர் ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார். அது இங்கே மரியாதை என்று சிலர் சொல்கிறார்கள்.

அந்தப் படிவங்களை அவள் எடுத்துக்கொண்டு போகாமல் மேசையிலேயே விட்டுப்போனாள். காரணம் ஏப்ரலில் நடந்த ஒன்று. மருந்துக் கடைத் தரிப்பிடத்தில் பின்னுக்கு எடுக்கும்போது ஒரு தூணில் உரசிவிட்டேன். ஒரு தூண், ஒரு கீறல், பதினொரு சென்ரிமீற்றர். அன்றிலிருந்து காரின் திறப்பைத் தரச்சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மலைக்குப் போகப் போகிறேன் என்று தொலைபேசியில் சொன்னேன்.

"சரி அப்பா. திங்கக்கிழமை லீவு. நானும் வாறன். பின்னுக்கு இருந்து பாக்கிறன். ஒரு பிழையும் விடாமல் முழுக்கச் சுத்தினீங்கள் எண்டால் அந்த ஃபோர்மை நானே டொக்டரிட்டைக் கொண்டுபோறன். பிழை விட்டீங்கள் எண்டால் திறப்பைத் தரவேணும். ஓமோ?"

"சோதினையோ?"

"நீங்கள் எனக்கு எத்தினை சோதினை வைச்சனீங்கள். வாய்பாடு பதினாறு வரைக்கும்."

ஓம் என்றேன். வேறு என்ன சொல்வது.

திறப்பு போனால் என்ன போகும் என்பதை அவள் அறியாதவள் அல்ல. ஆனாலும் எழுதுகிறேன். தவமணியின் இரத்தத்தை இயந்திரம் சுத்திகரிக்கிறது. ஊசியைத் தாதி போடுகிறாள். மருத்துவருடன் கதைப்பது சுபா. உணவில் எதைச் சேர்க்கக் கூடாது என்று சொல்ல ஒரு பெண் தனியாக இருக்கிறாள். வாழைப்பழம் கூடாது, தக்காளி கூடாது, உருளைக்கிழங்கை இரண்டு தண்ணீரில் அவிக்க வேண்டும், குடிக்கும் தண்ணீர் நாளுக்கு 800 மில்லிலீற்றர். அளந்து கொடுப்பது நான். அளந்து கொடுப்பதும், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் கொண்டுவருவதும். அவளுடைய வருத்தத்தில் எனக்குக் கிடைத்த வேலை அவ்வளவுதான். இரண்டு வருடமும் இரண்டு மாதமும், 336 தடவை, ஒரு நாளும் பிந்தியதில்லை.

3

முதல் தரிப்பு மலையடிவாரத்தில், உச்சியில் இறக்கை விரித்த ஒரு பெண் நிற்கும் பெரிய நினைவுச்சின்னம். தவமணி இறங்கவில்லை. ஜன்னலை இறக்கிவிட்டு என் தமிழாக்கத்தை வாசித்தேன்.

"இஞ்சாருங்கோ, என்ன வகுப்பு எடுக்கிறியளோ? நான் பாக்கிறதோ, நீங்கள் வாசிக்கிறதைக் கேக்கிறதோ?"

"ரெண்டும் செய்யலாம்."

"பின்னுக்கு வேறை ஒராள் சோதினை எடுக்கிறா. முன்னுக்கு நீங்கள் வகுப்பு. நான் ஆரிட்டைப் போய் இளைப்பாறுறது?"

சுபா சிரித்தாள். நான் கண்ணாடியில் பார்த்தேன். அவளுடைய மடியில் ஒரு சிறு கொப்பி இருந்தது. எழுதியது ஒன்றுமில்லை.

மலைத் தெரு வளைந்து வளைந்து ஏறுகிறது. ஒரு பக்கம் பாறை, மற்றப் பக்கம் மரங்கள். ஒக்டோபர் நடுவில் மேப்பிள் இலைகள் எப்படி இருக்கும் என்று கனடாவிலிருந்து எழுதும் எல்லோரும் எழுதிவிட்டார்கள். நான் அதை விட்டுவிடுகிறேன். சைக்கிள்காரர்கள் எங்களோடு ஏறினார்கள். ஒவ்வொருவருக்கும் ஒன்றரை மீற்றர் இடம்விட்டேன். பதினான்கு பேர். வந்த வழிக்கே திரும்பக் கூடாது என்ற பலகைகள் மூன்று. அவற்றையும் எண்ணினேன்.

இரண்டாவது தரிப்பில், கிழக்குப் பக்கம் முழுவதும் தெரியும் ஒரு மேடை. நகரத்தின் கூரைகள், அதற்கப்பால் ஆறு, ஆற்றங்கரையில் துறைமுகத்துப் பாரந்தூக்கிகள். காரை மதிலுக்கு நேராக நிறுத்தினால் அவள் இறங்காமலே பார்க்கலாம் என்று என் அட்டவணையில் இருந்தது. அப்படியே செய்தேன்.

"அதிலை கட்டம் கட்டமாய் நிறம் நிறமாய் அடுக்கியிருக்கிறது என்ன?"

"கொள்கலன். நான் வேலை செய்தது அதுக்குப் பக்கத்திலை."

"அதிலையோ நிண்டனீங்கள்?"

"பத்தொன்பது வருசம்."

அவள் நிறைய நேரம் பார்த்தாள். வந்த பெட்டிகளையும் போன பெட்டிகளையும் எண்ணி எழுதுவது என் வேலை. ஊரில் சீமெந்துத் தொழிற்சாலையில் கணக்குப் பகுதியில் இருந்தவன் என்று சொன்னதால் கிடைத்தது. தை மாதத்தில் பேனையின் மை உறையும், பென்சிலால் எழுதுவோம். நான் மாலை மூன்றரைக்குப் போய்ச் சாமம் கழிந்து வருவேன். வரும்போது சுபா நித்திரை. காலையில் அவள் பள்ளிக்கூடம் போகும்போது நான் நித்திரை. அவளுக்குப் பதின்மூன்றிலிருந்து பத்தொன்பது வரை நான் கண்டது சனி, ஞாயிறு. மற்ற ஐந்து நாட்களில் அவள் பிரெஞ்சுக்குள் போய்விட்டாள். திரும்பி வந்தபோது எங்களுக்காகத் தமிழ் கதைக்கும் ஒருத்தியாக வந்தாள். அவளுடைய பிள்ளைகள் இருவரும் அதுவும் இல்லை. என்னைக் கண்டால் மரியாதையாகக் கன்னத்தில் முத்தமிட்டுவிட்டுத் தொலைபேசிக்குத் திரும்புவார்கள். குறை சொல்லவில்லை. எண்ணிக்கையைச் சொல்கிறேன்.

"மேலையிருந்து பாக்க நெருப்புப்பெட்டி மாதிரி இருக்கு," என்றாள் தவமணி. "இதுக்கே அவ்வளவு களைச்சு வந்தனீங்கள்?"

மூன்றாவதும் நான்காவதும் காரிலிருந்தே பார்த்தவை. ஐந்தாவது குளம். அங்கே தரிப்பிடத்துக்குக் காசு கட்டினேன். அவள் இறங்கினாள். நாற்பத்தொரு அடி நடந்து ஒரு வாங்கில் இருந்தாள். முட்டை வெள்ளைக்கரு வைத்த சான்ட்விச்சில் பாதி சாப்பிட்டாள். தண்ணீர் 120 மில்லிலீற்றர். ஒரு அணில் வந்து வாங்கின் கைபிடியில் ஏறி நின்று அவளுடைய கையையே பார்த்தது.

"இதுக்கும் அளந்துதான் குடுக்கவேணுமோ?" என்று என்னைக் கேட்டுவிட்டு, எனக்குத் தெரியாது என்று நினைத்துப் பாணின் ஓரத்தைப் பிய்த்துப் போட்டாள். அப்போது அவள் சிரித்த சிரிப்பை சுபா படம் எடுத்தாள்.

காருக்குத் திரும்பும்போது சுபா என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னாள்.

"இதுவரைக்கும் ஒரு பிழையும் இல்லை, அப்பா. உண்மையாய்த்தான் சொல்லுறன்."

"பாதி முடிஞ்சுது."

"டொக்டருக்கு நாளைக்கே ஃபோன் அடிக்கிறன்."

அப்போது நேரம் பன்னிரண்டு மணி பத்து நிமிடம். அந்த நிமிடத்தில் வாழ்க்கையில் ஏதோ ஒன்று என் கையில் இருப்பதாக எண்ணினேன்.

4

குளத்திலிருந்து ஆறாவது தரிப்புக்கு இடப்பக்கம் திரும்ப வேண்டும் என்று நான் எழுதி வைத்திருந்தேன். இடப்பக்கத் தெருவை மஞ்சள் வேலி போட்டு அடைத்திருந்தார்கள். விடுமுறை நாள் ஓட்டப் பந்தயமாம். சுபா தன் தொலைபேசியில் வேறு வழி கேட்டாள். அது பிரெஞ்சில் பதில் சொன்னது.

"சொல்லுற மாதிரிப் போங்கோ அப்பா. அதுக்கு எல்லா வழியும் தெரியும்."

முந்நூறு மீற்றரில் வலப்பக்கம் திரும்பச் சொன்னது. திரும்பினேன். எதிரில் இரும்புக் கதவு. இரண்டு பக்கமும் கல்தூண்கள். கதவு திறந்திருந்தது. அதற்குள்ளே ஒரு சரிவு முழுவதும் கற்கள், வரிசை வரிசையாக, சில சிலுவையோடு, சில வெறும் கல்லாக. என் கண் தானாகவே எண்ணத் தொடங்கியது. முதல் வரிசையில் பதினேழு வரை வந்து நிறுத்தினேன்.

தவமணியைப் பார்த்தேன். தலையைச் சாய்த்துக் கண்களை மூடியிருந்தாள். சாப்பிட்ட பிறகு அவளுக்கு அப்படி அயர்வு வரும்.

நான் சகுனம் பார்க்கிறவன் அல்ல. இராகுகாலத்தில் விமானம் ஏறியவன். ஆனாலும் வருத்தக்காரியை ஏற்றிக்கொண்டு சுடலைக்குள்ளால் யாரும் வாகனம் ஓட்டுவதில்லை. அதற்கு நம்பிக்கை தேவையில்லை, அது ஓட்டும் முறை. சுபா பிறந்த நாளன்று ஊரில் வீட்டிலிருந்து பெரியாஸ்பத்திரிக்கு ஒரு வாடகைக் கார் பிடித்தோம். தவமணி பின்னால் வலியில் கத்துகிறாள். நேர் வழி சுடலையைத் தாண்டிப் போகும். சாரதி சந்தியில் மற்றப் பக்கம் திருப்பினான். இரண்டரை மைல் சுற்று. நான் வாயைத் திறந்தேன். "றோட்டுச் சரியில்லை ஐயா," என்றான். அந்தத் தெருவுக்கு முந்திய மாதம்தான் தார் போட்டிருந்தார்கள். அது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் வாயை மூடிக்கொண்டேன். காசு கொடுக்கும்போது இரண்டு ரூபாய் கூடக் கொடுத்தேன்.

பின்னால் ஒரு கார் வந்து நின்று ஒலி எழுப்பியது. அந்தச் சத்தத்துக்கு அவள் கண் விழித்துவிடுவாள் என்று நினைத்தேன். விழித்தால் முதலில் காண்பது அந்தச் சரிவு. கதவு வாசலில் கொஞ்சம் அகலம் இருந்தது. முழுவதும் இடப்பக்கம் ஒடித்து, தெருவின் இரட்டை மஞ்சள் கோட்டைக் கடந்து, வந்த வழிக்கே திரும்பினேன்.

கோட்டைக் கடந்தது தெரியும். பலகை இருந்ததும் தெரியும். நான்காவது பலகை. சைக்கிள்தான் தெரியவில்லை.

"அப்பா!"

மலையிலிருந்து இறங்கி வந்தவர், முப்பத்தைந்து வயது இருக்கும். பிரேக்கை அழுத்தியதில் முன்சில்லு எங்கள் பின்பக்கக் கதவில் மோதி, மனிதர் தெருவோரப் புல்லில் விழுந்தார். நான் நிறுத்தினேன். பிரேக்கிலிருந்து காலை எடுக்கவில்லை. சுபா இறங்கி ஓடினாள். தவமணி கதவைத் திறக்கத் தெரியாமல் கதவோடு மல்லுக்கட்டினாள்.

"ஐயோ, பெடியனுக்கு என்ன? பாருங்கோவன், இறங்கிப் பாருங்கோவன்!"

அவர் எழுந்து நின்றார். முழங்கையில் இரத்தம். வேறு ஒன்றுமில்லை. தலைக்கவசத்தைக் கழற்றி, இந்த நாட்டுக்காரர் கோபம் வந்தால் சொல்லும் தேவாலயப் பொருட்களின் பெயர்கள் நான்கை வரிசையாகச் சொன்னார். பிறகு முன் இருக்கையில் தவமணியைக் கண்டார். அவளுடைய கையில் ஊசி போட வைத்திருக்கும் புடைத்த நரம்பைக் கண்டாரோ தெரியாது. ஐந்தாவதைச் சொல்லவில்லை. சில்லைச் சுற்றிப் பார்த்தார். அது வளைந்திருந்தது.

5

பொலிஸ் வர பதினேழு நிமிடம். இரண்டு பேர். கதைத்தவள் இளம் பெண், மரியாதையானவள். பிரெஞ்சில் மெதுவாகத் தொடங்கி, என் முகத்தைப் பார்த்து ஆங்கிலத்துக்கு மாறினாள். அனுமதிப்பத்திரத்தை வாங்கினாள். பிறந்த திகதியை இரண்டு தடவை பார்த்தாள். ஏன் அந்த இடத்தில் திருப்பினீர்கள் என்று கேட்டாள்.

பதில் எனக்குத் தெரியும். மூன்று மொழியிலும் சொல்லியிருப்பேன். எனக்குப் பின்னால் இரண்டு மீற்றரில், ஜன்னல் திறந்தபடி, தவமணி இருந்தாள். அந்தப் பதிலைச் சொன்னால், அவளைப் பற்றி நான் என்ன நினைத்துக்கொண்டு கார் ஓட்டுகிறேன் என்பதை அவளுக்கு முன்னால் சத்தமாகச் சொன்னதாகும். இரண்டு வருடமும் இரண்டு மாதமும் நாங்கள் இருவரும் சொல்லாமல் வைத்திருந்த ஒன்று அது.

"வழி தவறிவிட்டேன்," என்றேன்.

பொலிஸ்காரி அதை எழுதினாள். வாடகைக் கார்காரன் சொன்னது போன்ற ஒரு வசனம்தான். அவன் சொன்னதை யாரும் எழுதவில்லை.

இப்போது எங்கே நிற்கிறீர்கள் என்று தெரியுமா என்று கேட்டாள். தெரியும் என்றேன். இன்று என்ன திகதி? நான் திகதி, கிழமை, நேரம், வெப்பநிலை, புறப்படும்போது மீற்றர் காட்டிய எண், அதுவரை ஓடிய கிலோமீற்றர் எல்லாவற்றையும் சொன்னேன். சந்தேகம் தீரட்டும் என்றுதான் சொன்னேன். அவள் பேனையை நிறுத்திவிட்டு சுபாவைப் பார்த்தாள். சுபா நிலத்தைப் பார்த்தாள்.

பிறகு அவர்கள் இருவரும் தள்ளிப் போய்ப் பிரெஞ்சில் கதைத்தார்கள். ஆறு நிமிடம். என்னைப் பற்றி என் மகள் என் எதிரிலேயே, எனக்குப் புரியாத வேகத்தில் கதைக்கிறாள். எனக்குப் பிடிபட்ட சொற்கள் இரண்டு. ஒன்று அப்பா, மற்றது சிலவேளை.

திரும்பும்போது சுபா ஓட்டினாள். நான் பின்னால் இருந்தேன். அந்தக் கொப்பி இருக்கையில் கிடந்தது. திறந்து பார்க்கவில்லை. மழை பெய்யத் தொடங்கியது.

6

செவ்வாய்க்கிழமை போலவே வியாழக்கிழமையும் சுபா விடுப்பு எடுத்துத் தாயை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தாள். தவமணியை இயந்திரத்தில் போட்ட பிறகு இருவரும் நடைவழியில், சிற்றுண்டி விற்கும் இயந்திரத்துக்கு முன்னால் நின்றோம். அங்கேதான் சொன்னேன்.

"பிள்ளை, நான் வழி தவறேல்லை."

"பரவாயில்லை அப்பா. வயது போனால் எல்லாருக்கும் வாறதுதான். அதுக்கு மருந்து இருக்கு..."

"வழி தவறேல்லை எண்டுறன். அது சவக்காலை. கொம்மாவை அதுக்குள்ளாலை கொண்டுபோகச் சொல்லுறியோ?"

அவளுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. அவளுடைய தொலைபேசிக்கு எல்லா வழியும் தெரியும், எந்த வழியால் போகக் கூடாது என்பது தெரியாது என்பதைச் சொல்லலாமா என்று நினைத்தேன். சொல்லவில்லை.

"அம்மாவுக்காகவோ?"

"ஓம்."

"அப்ப அந்த மனுசனுக்கு ஏதும் நடந்திருந்தால்? அவருக்கும் வீட்டிலை ஆரும் இருப்பினம்தானே. செத்தவைக்குப் பயந்து உயிரோடை வாறவரை இடிக்கிறதோ அப்பா?"

கால்சட்டைப் பைக்குள் திறப்பைத் தடவிப் பார்த்தேன்.

"பொலிஸிட்டை உண்மையைச் சொல்லியிருக்கலாமே. இப்ப அவை உங்களுக்கு நினைவுக் குழப்பம் எண்டு எழுதி லைசன்ஸ் ஒஃபிசுக்கு அனுப்பியாச்சு. இனி மூளைச் சோதினை, றோட்டுச் சோதினை எல்லாம் வரும்."

"கொம்மா கேட்டுக்கொண்டு இருந்தவ."

அவள் கண்ணைத் துடைத்தாள். பிறகு கேட்டாள். இவ்வளவு மெல்லிய குரலில் அவள் என்னோடு கதைத்ததில்லை.

"சரி. எனக்கு ஒண்டு சொல்லுங்கோ. நீங்கள் சோதினை எல்லாம் பாஸ் பண்ணுவீங்கள், எனக்குத் தெரியும். நாளைக்கு அம்மாவோடை போறீங்கள், திரும்பவும் அப்பிடி ஒரு கேற் முன்னாலை வருது. என்ன செய்வீங்கள்?"

சிற்றுண்டி இயந்திரத்தில் எட்டு வரிசை, வரிசைக்கு ஆறு. நாற்பத்தெட்டு இடங்கள், அதில் மூன்று வெறுமை. நான் பொய் சொல்லத் தெரியாதவன் அல்ல. திங்கட்கிழமை ஒன்று சொன்னேன். ஆனால் பிள்ளை நேராகப் பார்த்துக் கேட்கும்போது இரண்டாவது வரவில்லை. கால்சட்டைப் பையிலிருந்து திறப்பை எடுத்து அவளுடைய கையில் வைத்தேன். அவள் அதைப் பார்த்தபடி நின்றாள். அவளும் நான் வேறு பதில் சொல்வேன் என்று காத்திருந்தாள் போல இருந்தது.

அதற்குப் பிறகு வந்த கடிதங்களுக்கு நான் பதில் எழுதவில்லை. அனுமதிப்பத்திரத்தை உறையில் போட்டு, எண்பதாவது பிறந்தநாளுக்கு முந்திய வாரம் திருப்பி அனுப்பினேன். சுபாவால் வாரத்தில் மூன்று நாள் விடுப்பு எடுக்க முடியாது. நோயாளிகளை வீட்டு வாசலில் ஏற்றும் சிறிய பஸ் ஒன்று இங்கே உண்டு. அதற்குப் பத்துப் பக்கப் படிவம். ஒன்பதாம் பக்கத்தில் ஒரு கேள்வி: கூட ஒருவர் வருவது கட்டாயமா? மருத்துவர் 'இல்லை' என்ற பெட்டியில் அடையாளமிட்டார், அப்படியென்றால் நான் அந்த பஸ்ஸில் ஏற முடியாது. தவமணிக்கு நினைவு தெளிவாக இருக்கிறது, ஊன்றுகோலோடு நடக்கிறாள், ஏறி இறங்க சாரதி உதவுவார். அவர் எழுதியது சரிதான். துணைக்கு ஒருவர் தேவை என்பதற்குப் பெட்டி இருந்தது. துணைக்கு அவள் தேவை என்பதற்குப் பெட்டி இல்லை.

முதல் நாள் வாசலில் பஸ்ஸுக்காகக் காத்துக்கொண்டு நின்றபோது தவமணி திடீரென்று சொன்னாள்.

"அந்தக் கேற்றை நான் உங்களுக்கு முதலே கண்டனான்."

"நீர் நித்திரையெல்லோ?"

"கண்ணை மூடினால் நித்திரையோ? நீங்கள் வாசிக்கத் தொடங்கிவிடுவியள் எண்டு மூடினனான்." குளிருக்குக் கழுத்துத்துணியைச் சுற்றிக்கொண்டாள். "சரிவு முழுக்க மரம் சிவந்து போய் நிண்டுது. நாங்கள் பாத்ததுக்குள்ளை அதுதான் வடிவு. உள்ளுக்குப் போயிருக்கலாம்."

"நீர் பயந்திடுவீர் எண்டு..."

"ஆர் பயந்தது? என்னைக் கேட்டீங்களோ? தண்ணி குடிக்கேக்கை எல்லாம் கேக்கிறியள், போதுமோ போதுமோ எண்டு. அதைக் கேட்டிருக்கக் கூடாதோ?"

பஸ் வந்தது. சாரதி இறங்கி அவளுடைய கையைப் பிடித்தான், நல்ல மனிதன், காலை வணக்கம் சொன்னான். ஏற்கனவே இரண்டு பேர் உள்ளே இருந்தார்கள். அவள் மூன்றாவது. ஜன்னல் கண்ணாடி பனி பிடித்திருந்ததால் எந்தப் பக்கம் இருந்தாள் என்று தெரியவில்லை. இரண்டு பக்கத்துக்கும் கை காட்டினேன். பிறகு பஸ் தரிப்பிடத்துக்கு நடந்து, ஒரு பஸ், ஒரு மெற்றோ, மறுபடி ஒரு பஸ். நான் போய்ச் சேரும்போது அவளை இயந்திரத்தில் போட்டு முக்கால் மணித்தியாலம் ஆகியிருந்தது. திரும்பும்போதும் அப்படித்தான். எனக்கு முதலே வந்து, சப்பாத்தோடு கட்டிலில் படுத்திருந்தாள்.

ஆறாவதிலிருந்து பதினொன்று வரை நாங்கள் பார்க்கவில்லை. வசந்தத்தில் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சுபா சொல்கிறாள். தவமணி தலையாட்டுகிறாள்.

கேட்பவர்களுக்காகக் கணக்கையும் எழுதிவிடுகிறேன். சைக்கிள் சில்லு 210 டொலர், தண்டம் 171, குளத்தடித் தரிப்பிடம் 9.75, பெற்றோல் 8.60. மொத்தம் 399 டொலர் 35 சதம். அது கட்டியாயிற்று. மற்றது, போகும்போது இருபத்திரண்டு நிமிடம், வரும்போது நெரிசலில் இருபத்தேழு நிமிடம், அவள் என் பக்கத்து இருக்கையில் இருந்த நேரம். வாரத்தில் மூன்று நாள். வாரத்துக்கு நூற்று நாற்பத்தேழு நிமிடம்.